வாயில்லா ஜீவனுக்கும் வருஷம் ஒரு செக்கப்!



பிள்ளைகள் படிப்பு, மாமியார் - மருமகள் பிரச்னை, சீட்டுப் பணம், சிக்கன சமையல் என்று இந்தப் பகுதியில் நாம் பேசாத விஷயம் இல்லை. இன்று நான் எழுதப் போவது, நம் வீட்டு வாசலில் படுத்துக் கொண்டு, நாம் போடும் ஒரு பிடி சோற்றுக்காக ராத்திரி முழுக்கக் கண் விழிக்கிறதே, அந்த ஜீவனைப் பற்றி. அதிலும், பெண் நாய் வளர்க்கும் சகோதரிகளுக்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாக இருந்தாலும் பொறுத்துக் கொண்டு கடைசி வரை படியுங்கள்.

எங்களுக்கு விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி என்று பேர் வாங்கிய நாய் ஜாதிகள் எல்லாம் எங்கள் தென் மாவட்டத்து மண்ணில் வளர்ந்தவைதான். ஆனாலும், பெட்டைக் குட்டி என்றால் இங்கேயும் முகம் சுளிப்பார்கள். "கடுவன் குட்டி இருந்தா கொடுங்க. பொட்டைன்னா வேண்டாம். வருஷத்துக்கு ரெண்டு தடவை ரோதனை" என்பார்கள். ஈத்துக்கு ஆறு குட்டி பிறந்தால், கடுவன்களை ஆளுக்கு ஒன்றாகத் தூக்கிக் கொண்டு போய் விடுவார்கள். பெட்டைகள் சாக்குப் பையில் மார்க்கெட்டுக்கோ, பஸ் ஸ்டாண்டுக்கோ போய்ச் சேரும். எங்கள் ஜூலியும் அப்படி வந்தவள்தான். ஆறு வருஷத்துக்கு முன், ரேஷன் கடை வாசலில் நடுங்கிக் கொண்டிருந்ததை என் மகள் தாவணித் தலைப்பில் சுற்றித் தூக்கி வந்தாள். சாதாரண நாட்டு நாய். ஆனால், எங்கள் தெருவுக்கே காவல்.

பக்கத்து வீட்டு மதினியும் ஒரு பெண் நாய் வளர்த்தார்கள். ரோஸி என்று பேர். ஒன்பது வயசு. போன சித்திரையில் அது சட்டி சட்டியாகத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது. "வெயிலுக்குக் குடிக்குது" என்றார்கள். சோற்றை முகர்ந்து பார்த்து விட்டுப் போய்ப் படுத்தது. "வயசாயிடுச்சுல்ல" என்றார்கள். மூன்றாம் நாள் வாந்தி. வயிறும் கொஞ்சம் உப்பிக் கொண்டு வந்தது. நான்காம் நாள் ஆட்டோவில் ஏற்றிக் கொண்டு ஓடினோம்.

டாக்டர் தொட்டுப் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார். "கர்ப்பப்பை முழுக்கச் சீழ் கட்டியிருக்கு. விஷம் ரத்தத்துல கலந்துடுச்சு. கடைசியா எப்போ பருவத்துக்கு வந்துச்சு?" என்று கேட்டார். மதினி என் முகத்தைப் பார்த்தார்கள். அவர்கள் வீட்டுக் காலண்டரில் பால் கணக்கு இருக்கிறது. கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதி இருக்கிறது. வட்டிக்குக் கொடுத்த தேதிகூட இருக்கிறது. ரோஸியின் தேதி மட்டும் இல்லை. ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்வதற்குள் ரோஸியின் மூச்சு அடங்கி விட்டது. மதினி இரண்டு நாள் சாப்பிடவில்லை.

அந்த டாக்டர் சொன்ன ஒரு வார்த்தை என் மனதில் தைத்து விட்டது. "இந்த நோய் ஒரே நாள்ல வர்றதில்லைம்மா. ரோஸி நல்லா இருக்கும்போதே வருஷத்துக்கு ஒரு தடவை காட்டியிருந்தா, அடையாளம் தெரிஞ்சிருக்க வாய்ப்பு இருக்கு." அதே வாரம் ஜூலிக்குச் சங்கிலியைப் போட்டு, எங்கள் ஊர் கால்நடை மருந்தகத்துக்குக் கூட்டிக் கொண்டு போனேன்.

எங்க வீட்டுக்காரர், "ஓடி ஆடித் திரியற நாய்க்கு எதுக்கு டாக்டர்?" என்றார். மருந்தகத்தில் மாடும், ஆடும், கோழிக் கூடையுமாக வரிசை. "நாய்க்கு என்ன சீக்குக்கா?" என்று ஒரு தம்பி கேட்டார். "சீக்கு ஒண்ணுமில்லை, சும்மா செக்கப்" என்றேன். எல்லாரும் சிரித்து விட்டார்கள். அங்கிருந்த டாக்டர் அம்மா எட்டிப் பார்த்து, "சிரிக்காதீங்க. சீக்கு வர்றதுக்கு முன்னாடி வந்த ஆள் இன்னிக்கு இவங்க ஒருத்தர்தான்" என்றார். எனக்குத் தைரியம் வந்தது.

என்ன பார்க்கிறார்கள்?

பயப்பட ஒன்றுமே இல்லை, சகோதரிகளே. முதலில் கேள்விகள்தான். வயசு என்ன? கடைசியாக எப்போது பருவத்துக்கு வந்தது, எத்தனை நாள் இருந்தது? இணை சேர்ந்ததா? எத்தனை ஈத்து? பருவம் வராமல் இருக்க ஊசி ஏதாவது போட்டீர்களா? தண்ணீர் வழக்கத்தை விட அதிகமாகக் குடிக்கிறதா? இதற்கெல்லாம் பதில் சொல்லக் கூடியவர், வேளா வேளைக்குச் சோறு வைக்கிற நாம்தான். நாயை மட்டும் பையன் கையில் கொடுத்து அனுப்பினால் பாதிப் பரிசோதனைதான் நடக்கும்.

பிறகு எடை, காய்ச்சல், ஈறின் நிறம் பார்க்கிறார்கள். நல்ல ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அடுத்து மடி. நாய்க்குப் பொதுவாக ஐந்து ஜோடிக் காம்புகள். ஒவ்வொரு காம்பையும், அதைச் சுற்றியுள்ள சதையையும் இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து, அரிசியில் கல் பார்க்கிற மாதிரி பார்க்கிறார்கள். பிறகு பிறப்புறுப்பில் வீக்கம், கசிவு, நாற்றம், சதை வளர்ச்சி ஏதும் இருக்கிறதா என்று பார்த்து, வயிற்றை இரு கையாலும் மெதுவாக அமுக்குகிறார்கள். இதற்குப் பத்து, பதினைந்து நிமிஷம் ஆனால் அதிகம். தலைமாட்டில் நாம் நின்று கழுத்தைத் தடவிக் கொடுத்தால், நாய் அமைதியாக நிற்கிறது. கடிக்கிற சுபாவம் இருந்தால் வாய்க்கு ஒரு துணிக் கட்டு. அவ்வளவுதான்.

சந்தேகம் வந்தால் ரத்தப் பரிசோதனை, வயிற்று ஸ்கேன் எழுதித் தருகிறார்கள். பருவத்தின் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், பஞ்சு சுற்றிய குச்சியால் உள்ளே லேசாக ஒற்றி எடுத்து, கண்ணாடித் துண்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். அதில் நாய்க்கு வலி இல்லை.

நம் கணக்கு வேறு, அதன் கணக்கு வேறு

டாக்டர் அம்மா சொன்னதில் முக்கியமானது இதுதான். நாய்க்கு ரத்தம் கசிவதைப் பார்த்து, நமக்கு வரும் மாத விலக்கு மாதிரி என்று நினைத்துக் கொள்கிறோம். அது முழுத் தப்பு. நமக்குக் கரு தங்காதபோது ரத்தம் போகிறது. நாய்க்கோ, சினை பிடிக்கப் போகிற நாட்களுக்கு முன்னால் ரத்தம் கசிகிறது. முதலில் சுமார் ஒன்பது நாள் சிவப்பாகச் சொட்டும். ஆண் நாய்கள் சுற்றினாலும் கிட்டே விடாது. அதன் பிறகு கசிவின் நிறம் வெளுத்து, குறைந்து விடும். "அப்பாடா, முடிஞ்சுது" என்று நாம் சங்கிலியை அவிழ்த்து விடுவோம். அதுதான் இணை சேரும் நாள்! பலர் வீட்டில் வேண்டாத ஈத்து வருவது இப்படித்தான். ஆகவே முதல் சொட்டு பார்த்த நாளிலிருந்து முழுதாக மூன்று, நான்கு வாரம் பத்திரமாகக் கட்டி வைக்க வேண்டும்.

முதல் பருவம், சிறு நாய்களுக்கு ஆறு மாதத்திலேயே வந்து விடும். பெரிய ஜாதிகளுக்கு ஒன்றரை வருஷம்கூட ஆகலாம். பிறகு ஏறக்குறைய ஆறு, ஏழு மாதத்துக்கு ஒரு முறை. நமக்கு ஐம்பது வயசு வாக்கில் நின்று விடுகிறது. நாய்க்கு அப்படி நிற்பதே இல்லை. இடைவெளி நீண்டு போகுமே தவிர, கிழ நாய்க்கும் பருவம் வரும்.

ஆபத்து ஆரம்பிப்பதே இங்கேதான். ஒவ்வொரு பருவம் முடிந்ததும், சினை பிடித்தாலும் சரி, பிடிக்காவிட்டாலும் சரி, சுமார் இரண்டு மாதம் நாயின் உடம்பில் சினைக்கான ஹார்மோன் சுரந்து கொண்டே இருக்கும். கருப்பையின் உள் சுவர் தடிக்கும். அதன் வாய் மூடிக் கொள்ளும். பருவ நாட்களில் உள்ளே போன கிருமி அந்த வெதுவெதுப்பில் பெருகி, சீழாக மாறும். வருஷத்துக்கு இரண்டு தரம் இப்படிச் சுவர் தடித்துத் தடித்து, வயசு ஏற ஏற ஆபத்து கூடுகிறது. இந்த நோய்க்கு 'பயோமெட்ரா' என்று பேர். சுவீடன் நாட்டில் காப்பீடு செய்த நாய்களை வைத்து 2001-ல் வெளியான ஆய்வு ஒன்றில், கருத்தடை செய்யாத பெண் நாய்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு, பத்து வயசுக்குள் இது வந்ததாகக் கண்டிருக்கிறார்கள். நான்கில் ஒன்று என்றால் சும்மா இல்லை.

பருவம் முடிந்து நான்கிலிருந்து எட்டு வாரத்துக்குள்தான் இது பெரும்பாலும் தலைகாட்டும். அதனால்தான் டாக்டர்கள் தேதி கேட்கிறார்கள். இந்த நாட்களில் கீழ்க்கண்டவற்றில் எது தெரிந்தாலும் "நாளைக்குப் பார்ப்போம்" என்று இருக்காதீர்கள்:

* வழக்கத்தை விட மிக அதிகமாகத் தண்ணீர் குடிப்பது, அடிக்கடி சிறுநீர் கழிப்பது.
* சோறு இறங்காமல், சுருண்டு படுத்திருப்பது.
* வாந்தி, வயிறு உப்புவது.
* பிறப்புறுப்பிலிருந்து நாற்றத்தோடு சீழ் அல்லது பழுப்பு நிறக் கசிவு.

இதில் ஒன்று கவனியுங்கள். கசிவு வந்தால் நமக்குத் தெரிந்து விடும். கருப்பையின் வாய் இறுக மூடியிருந்தால் ஒரு சொட்டும் வெளியே வராது, உள்ளேயே நிரம்பும். அதுதான் ரொம்ப மோசம். ரோஸிக்கு அப்படித்தான் ஆனது.

இன்னொன்று. பருவம் வராமல் இருக்கவும், வந்த பருவத்தை நிறுத்தவும் ஹார்மோன் ஊசி போடுகிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. "ஒரு ஊசி போட்டா ரோதனை விட்டுது" என்று யாராவது சொன்னால் நம்பி விடாதீர்கள். கருப்பையில் சீழ் கட்டும் ஆபத்தை அந்த ஊசிகள் அதிகமாக்குகின்றன.

மாதக்கணக்கில் சொட்டினால் அது பருவமல்ல

எங்கள் தெருக் கோடியில் ஒரு பாட்டி வீட்டு நாய்க்கு மூன்று மாதமாக ரத்தம் சொட்டிக் கொண்டிருந்தது. "இதுக்கு ஹீட்டு நிக்கவே மாட்டேங்குது" என்று பாட்டி அலுத்துக் கொள்வார். நான் ஜூலியோடு போய் வந்த பிறகு, பாட்டியையும் வற்புறுத்திக் கூட்டிப் போனேன். உள்ளே காலிஃபிளவர் மாதிரி ஒரு சதைக் கட்டி. தெரு நாய்களோடு இணை சேரும்போது ஒன்றிடமிருந்து ஒன்றுக்குத் தொற்றிக் கொள்ளும் ஒரு வகைப் புற்று அது. நம் நாட்டுத் தெரு நாய்களிடம் இது சர்வ சாதாரணம். புற்று என்றதும் பாட்டி அழுது விட்டார். ஆனால், இது பெரும்பாலும் ஊசியிலேயே குணமாகிற வகை. வாரம் ஒரு ஊசி. சில வாரங்களில் கட்டி கரைந்து விட்டது. ஊசி போடும் நாட்களில் சிறுநீர், வாந்தியைத் துடைக்கும்போது கைக்கு உறை போட்டுக் கொள்ளச் சொன்னார்கள். இப்போது அந்த நாய் சுகமாக இருக்கிறது. மூன்று வாரத்துக்கு மேல் ரத்தம் நிற்காவிட்டால் பருவம் என்று நினைத்துச் சும்மா இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஜூலிக்கு என்ன ஆனது?

காம்பு காம்பாகத் தடவி வந்த டாக்டர் அம்மாவின் விரல், கடைசி ஜோடியில் வந்து நின்றது. "இங்கே தொட்டுப் பாருங்கம்மா" என்று என் விரலைப் பிடித்து வைத்தார். துவரம்பருப்பு அளவுக்கு ஒரு முடிச்சு. வலியில்லை, சிவப்பில்லை, வெளியே ஒன்றும் தெரியவில்லை. நாய்களுக்கு மடியில் வரும் கட்டிகளில் ஏறக்குறைய பாதி கெட்ட ரகமாக இருக்கும் என்றும், கடைசி இரண்டு ஜோடிகளில்தான் அதிகம் வரும் என்றும் சொன்னார். ஸ்கேனில் கருப்பைச் சுவரும் தடித்திருந்தது. "இன்னும் சீழ் கட்டலை. இப்பவே கர்ப்பப்பை, சூலகம், கட்டி எல்லாத்தையும் ஒரே ஆபரேஷன்ல எடுத்துடலாம். நல்ல உடம்போட இருக்கும்போது ஆபரேஷன் செய்யறது வேற, விஷம் ஏறின பிறகு செய்யறது வேற" என்றார்.

வீட்டில் ஒரு பூகம்பமே வந்தது. எங்க வீட்டுக்காரர், "ஒரு ஈத்தாவது போடட்டும். ஒரு தடவை குட்டி போட்டாத்தான் உடம்புக்கு நல்லதாம்" என்றார். இது நம் ஊரில் பலரும் சொல்வதுதான். டாக்டரிடம் கேட்டேன். "அதுக்கு ஆதாரமே இல்லை. குட்டி போட்ட நாய்க்கும் கட்டி வரும், சீழும் வரும்" என்றார்.

என் மாமியார்தான் ரொம்ப எதிர்த்தார்கள். "வாயில்லா ஜீவனோட கர்ப்பப்பையை அறுக்கறது மகா பாவம். உங்களுக்கு ஏன் இந்தப் புத்தி?" என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி, நான் பாத்திரம் கழுவிக் கொண்டிருந்தபோது, பின்வாசல் படியில் வந்து உட்கார்ந்தார்கள். ஜூலி அவர்கள் காலடியில் படுத்திருந்தது.

"எனக்குக் கர்ப்பப்பை எடுத்தது உனக்குத் தெரியும்ல?" என்றார்கள்.

"தெரியும் அத்தை."

"ரெண்டு வருஷம் ரத்தம் போச்சு. யார்கிட்டயும் சொல்லலை. உங்க மாமாகிட்ட எப்படிச் சொல்ல, ஆம்பிளை டாக்டர்கிட்ட எப்படிக் காட்டன்னு மறைச்சு மறைச்சு, கடைசியில கிணத்தடியில மயங்கி விழுந்த பிறகுதான் தூக்கிட்டுப் போனாங்க. பிழைச்சது மறுபிறப்பு. எனக்கு வாய் இருந்துச்சு, நான் சொல்லலை. இதுக்கு வாயே இல்லை. நீ கூட்டிட்டுப் போ தாயி."

அதற்கு மேல் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆபரேஷனுக்கு முன், கட்டி நுரையீரலுக்குப் பரவியிருக்கிறதா என்று நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார்கள். பரவவில்லை. ரத்தமும் பார்த்தார்கள். முதல் நாள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பட்டினி. காலையில் கொண்டு போய் விட்டு, மாலையில் அழைத்து வந்து விட்டோம். தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் புனல் மாதிரி ஒரு பிளாஸ்டிக் வளையம். பன்னிரண்டாம் நாள் தையல் பிரித்தார்கள். எடுத்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பியதில், புற்றுதான் என்று வந்தது. ஆனால், ஆரம்ப நிலை. ஓரத்தில் மிச்சமில்லாமல் முழுவதும் எடுத்தாயிற்று என்று எழுதியிருந்தார்கள். கட்டி சிறியதாக இருக்கும்போதே எடுத்து விட்டால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம் என்று டாக்டர் அம்மா சொன்னார். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை காட்டி வருகிறோம். இதுவரை வேறு முடிச்சு இல்லை. ஆபரேஷனுக்குப் பிறகு நாய் குண்டாகி விடும் என்பார்கள். சோற்றைக் கொஞ்சம் குறைத்து, தினம் நடக்க விட்டால் போதும். சில நாய்களுக்கு, அதிலும் பெரிய ஜாதிகளுக்கு, பிற்காலத்தில் தூக்கத்தில் சிறுநீர் கசியலாம். அதற்கு மருந்து உண்டு.

குட்டி வேண்டாம் என்று தீர்மானமாக இருப்பவர்கள், இளம் வயசிலேயே கருத்தடை செய்து விட்டால், கருப்பையில் சீழ் கட்டும் கவலை ஏறக்குறைய முழுதாகப் போய் விடும். எந்த மாதத்தில் செய்யலாம் என்பது நாயின் ஜாதியையும், உடம்பையும் பொறுத்தது. பருவத்தில் இருக்கும்போது ரத்தப்போக்கு அதிகம் என்பதால், பொதுவாக அதற்கு இரண்டு, மூன்று மாதம் கழித்துத்தான் செய்கிறார்கள். உங்கள் டாக்டரிடம் நாள் கேட்டுக் கொள்ளுங்கள்.

குட்டி வேண்டும் என்பவர்களுக்கு

இணை சேர்ப்பதற்கு முன்பே தாயைப் பரிசோதித்து விடுங்கள். ஆண் நாயையும் பார்க்கச் சொல்லுங்கள். கருச்சிதைவை உண்டாக்கும் 'புரூசெல்லா' என்ற கிருமி இணை சேர்வதில் பரவும். அது சில சமயம் மனிதருக்கும் தொற்றும். நாய்க்குக் கரு கலைந்தால் வெறும் கையால் அள்ளாதீர்கள்.

நாயின் சினைக் காலம் சுமார் 63 நாள். 25 நாளுக்கு மேல் ஸ்கேனில் குட்டிகளின் இதயத் துடிப்பைப் பார்க்கலாம். 55 நாளுக்கு மேல் ஒரு எக்ஸ்ரே எடுத்தால் எத்தனை குட்டி என்று எண்ணி விடலாம். நான்கு குட்டி என்று தெரிந்து, மூன்றோடு நின்று விட்டால், ஒன்று உள்ளே சிக்கியிருக்கிறது என்று நமக்குப் புரியுமே! அரை மணி நேரம் நன்றாக முக்கியும் குட்டி வராவிட்டாலும், முதல் குட்டிக்கு முன்பே கரும்பச்சை நிறத்தில் கசிவு வந்தாலும் உடனே டாக்டரிடம் ஓட வேண்டும்.

வீட்டில் நாம் செய்ய வேண்டியது

ஒன்று, காலண்டர். பருவத்தின் முதல் சொட்டு பார்த்த தேதியில் ஒரு சிவப்புப் பொட்டு வையுங்கள். அங்கிருந்து இரண்டு, மூன்று மாதம் தண்ணீர்ச் சட்டி மீது ஒரு கண் இருக்கட்டும்.

இரண்டு, மாதம் ஒரு முறை, மத்தியான வேளையில் நாய் மல்லாந்து படுத்திருக்கும்போது, பத்துக் காம்பையும் தடவிப் பாருங்கள். நம் மார்பகத்தை மாதம் ஒரு தரம் நாமே கவனித்துக் கொள்ளும் பழக்கத்தைப் போலத்தான் இதுவும். பருப்பு அளவு முடிச்சு தட்டுப்பட்டாலும் காட்டி விடுங்கள். வளரட்டும், பார்ப்போம் என்று விடாதீர்கள்.

மூன்று, வருஷத்துக்கு ஒரு முழுப் பரிசோதனை. ஏழு வயசுக்கு மேல் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. இதற்கென்று தனியாக நாள் பார்க்க வேண்டாம். வெறிநோய்த் தடுப்பூசி எப்படியும் போட்டாக வேண்டும் அல்லவா? அந்த ஊசிக்குப் போகிற அன்றே, "டாக்டர், மடியையும் வயித்தையும் கொஞ்சம் பார்த்துடுங்க" என்று வாய் விட்டுக் கேளுங்கள். ஜூலை 6, செப்டம்பர் 28 ஆகிய நாட்களை ஒட்டிப் பல ஊர்களில் இலவசத் தடுப்பூசி முகாம் நடக்கிறது. முகாமில் கூட்டம் அதிகம் இருந்தால், எந்த நாளில் வந்தால் நிதானமாகப் பார்க்க முடியும் என்று அங்கேயே கேட்டு வந்து விடலாம்.

நான்கு, எங்கே போவது என்ற கேள்வி. முதலில் உங்கள் ஊர் அரசு கால்நடை மருந்தகம். ஸ்கேன், பெரிய ஆபரேஷன் என்றால் மாவட்டத் தலைநகர் மருத்துவமனை, அல்லது கால்நடை மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த மருத்துவமனை. சென்னை வேப்பேரிக் கல்லூரி 1903-ல் ஆரம்பித்த பழம்பெரும் கல்லூரி. நாமக்கல்லில் 1985-லும், திருநெல்வேலியிலும் ஒரத்தநாட்டிலும் 2012-லும் கல்லூரிகள் வந்து விட்டன. போகும்போது பழைய சீட்டுகள், தடுப்பூசிப் புத்தகம், சிவப்புப் பொட்டு வைத்த தேதிகள் எல்லாம் கையில் இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. டாக்டர் ஆணாக இருந்தால், நாயின் பருவத்தைப் பற்றிச் சொல்லக்கூட நம்மில் பலர் கூச்சப்படுகிறோம். மருந்தகத்தில் என் பின்னால் நின்ற ஒரு பெண், தன் நாய்க்கு என்ன கஷ்டம் என்று சொல்லத் தெரியாமல், "வயித்து வலி" என்று மட்டும் சொன்னதை என் காதால் கேட்டேன். இந்தக் கூச்சத்தால் நமக்கு நாமே செய்து கொண்ட கெடுதல் போதாதா? ரத்தம், சீழ், கசிவு எல்லாம் அவர்கள் தினம் பார்க்கிற விஷயம். எந்த நிறம், எத்தனை நாள், என்ன நாற்றம் என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். நாம் சொல்லா விட்டால், அந்த ஜீவனுக்காகச் சொல்ல வேறு ஆள் இல்லை.

பெண் நாய் வளர்க்கும் வாசகிகள் உங்கள் அனுபவத்தையும் இந்தப் பகுதிக்கு எழுதுங்கள். யாராவது ஒரு வீட்டு ஜீவனுக்கு அது உதவும்.

- ஒரு குடும்பத் தலைவி,
விருதுநகர் மாவட்டம்.